உதிரிப் பாகம் என்னும் பொய்

அமெரிக்காவில் ஒரு படுகொலை நிகழும்போதெல்லாம் இந்தியக் கல்விப்புலத்தில் ஒரு சொல் தவறாமல் எழுகிறது: துப்பாக்கிப் பண்பாடு. கருத்தரங்க உரைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் அச்சொல் வந்தவுடன் சிந்தனை ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. எல்லைப்புறக் குடியேற்றம், கௌபாய்த் திரைப்படம், அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆகிய மூன்றையும் கலந்தால் விளக்கம் ஆயிற்று. ஆனால் அது விளக்கமன்று. சட்டம், வரி, சந்தை ஆகியவற்றின் மீது போர்த்தப்பட்ட துணி. ஒன்றைப் பண்பாடு என்று அழைத்துவிட்டால், அதை யார் எப்போது எந்தச் சொல்லால் உருவாக்கினார் என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை.

அக்கேள்வியைக் கேட்க விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலிவான ஓர் அரைத் தானியங்கி ஷாட்கனையும், அதற்கென விற்கப்படும் துணைப்பொருள்களின் விலைப்பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கி அடிப்படையில் வேட்டைக் கருவி. ஒரு தோட்டாவுக்குள் பல சிறு ஈயக்குண்டுகள். பறக்கும் பறவையை வீழ்த்துவதற்கென அமைந்தது. அரைத் தானியங்கி வகையில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அடுத்த தோட்டா தானாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். இவ்வகையில் புகழ்பெற்ற இத்தாலியத் துப்பாக்கிகளின் விலை சாதாரண வேட்டைக்காரருக்கு எட்டாது. அவற்றின் இயங்குமுறைக்கான காப்புரிமைக் காலம் முடிந்தபின் துருக்கியின் தொழிற்சாலைகள் அதே முறையில் செய்யத் தொடங்கின. இன்று ஏறக்குறைய 600 டாலருக்கு அத்தகைய துப்பாக்கி அமெரிக்கக் கடையில் கிடைக்கிறது. இத்தாலிய மூலத்தின் விலை அதைப்போல இரு மடங்குக்கும் மேல்.

இந்த விலை இடைவெளியில்தான் துணைப்பொருள் சந்தை பிறக்கிறது. மலிவாக வாங்கு, மிச்சப்பட்ட பணத்தைப் பாகங்களில் செலவிடு என்பதே அதன் மந்திரம். தோட்டாக் குழாயின் நீட்டிப்பு, அகலமாக்கிய தோட்டா வாய், பெரிய கைப்பிடிக் குமிழ், பக்கவாட்டில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பட்டை, சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி, விளக்கு, கைத்துப்பாக்கியின் பிடி கொண்ட அடிக்கட்டை எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமானது; சில பத்து டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை விலை பெறுவது. எல்லாம் சேர்ந்தபின் நான்கைந்து தோட்டாக்கள் கொண்ட வாத்து வேட்டைத் துப்பாக்கி, எட்டு ஒன்பது தோட்டாக்களை ஏந்திக்கொண்டு, இருளிலும் குறிவைத்து, விரைந்து நிரப்பப்படும் வேறொரு பொருளாகிவிடுகிறது. கடைக்காரரின் பதிவேட்டில் மட்டும் அது அதே துப்பாக்கி.

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணிலும் அப்படியே. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரிசை எண் பொறிக்கப்பட்ட நடு உடற்பகுதியே துப்பாக்கி. அதை வாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். உரிமம் பெற்ற விற்பனையாளர் பின்னணிச் சோதனை செய்ய வேண்டும். மற்றவை, ஒலியடக்கி போன்ற சில விலக்குகள் தவிர, பாகங்கள். கூட்டரசுச் சட்டம் அவற்றை வாங்குபவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. அஞ்சலில் வரும் சட்டையைப் போல அவை வீட்டு வாசலில் வந்து விழுகின்றன.

இது அமெரிக்க ஆன்மாவின் தொன்மையான வெளிப்பாடு என்று நம்புவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். 1938ஆம் ஆண்டின் கூட்டரசுச் சுடுகருவிச் சட்டம், சுடுகருவி என்பதன் வரையறையிலேயே அதன் எந்தப் பாகத்தையும் சேர்த்திருந்தது. முப்பது ஆண்டுகள் அமெரிக்கச் சட்டத்தில் பாகமும் ஆயுதமாகவே இருந்தது. 1968இல் அது கைவிடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் விடுதலையுமன்று, மரபுமன்று. ஒவ்வொரு சிறு பாகத்தையும் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற நிர்வாகச் சலிப்பு. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலுப்படுத்த வந்த அதே சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்துவைத்தது. பண்பாடு என்று இன்று ஆராயப்படுவதன் ஒரு தூண், ஓர் எழுத்தரின் வசதிக்காக அழிக்கப்பட்ட ஒரு சொற்றொடர்.

சட்டத்திற்குப் பாகங்கள் கண்ணில் படவே முடியாது என்பதும் உண்மையன்று. வேண்டியபோது அது அங்குலக் கணக்கில் பார்த்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகருவிச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கனைப் பதிவு செய்யவும் 200 டாலர் வரி செலுத்தவும் பணித்தது. 1939இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மில்லர் வழக்கு அத்தகைய ஒரு ஷாட்கனைப் பற்றியது. குடிப்படையோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் காட்டப்படாத நிலையில், இரண்டாம் திருத்தம் அதைக் காக்காது என்றது நீதிமன்றம். 2008இல் ஹெல்லர் தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அமெரிக்க ஆயுத உரிமை விவாதத்தின் மையத்தில் இருந்தது, குழல் நீளம் குறைந்த ஒரு ஷாட்கன். ஒரு பாகத்தின் நீளம் அரசமைப்பு உரிமையின் எல்லையையே தீர்மானித்த நாட்டில், பாகங்களைச் சட்டம் தொட முடியாது என்று வாதிடுவது வரலாற்றை அறியாமை, அல்லது அறிந்தும் மறைத்தல். அந்த 200 டாலர் வரியும் இப்போது போய்விட்டது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2026 ஜனவரி முதல் ஒலியடக்கிக்கும் குறுங்குழல் ஷாட்கனுக்கும் அது பூஜ்யம். பதிவு மட்டும் எஞ்சுகிறது.

இறக்குமதிச் சட்டத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் ஏற்ற துப்பாக்கிகளையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்பது 1968இன் விதி. ஐந்து தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் ஷாட்கனும் மடக்கக்கூடிய அடிக்கட்டை கொண்ட ஷாட்கனும் விளையாட்டுக்கு உரியவையல்ல என்று கூட்டரசு ஆயுத அமைப்பின் 2012ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறியது. அப்படியானால், ஐந்து தோட்டாவோடு துருக்கியிலிருந்து வந்திறங்கிய துப்பாக்கிக்கு அமெரிக்கக் கொட்டகை ஒன்றில் குழாய் நீட்டிப்புப் பூட்டினால் என்னாகும்? அதற்கும் 1990இல் ஒரு விதி வந்தது. இறக்குமதி தடைசெய்யப்பட்ட வடிவை ஒத்த துப்பாக்கியை இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு உள்நாட்டில் கூட்டிச் சேர்ப்பது குற்றம். இதற்கான ஒழுங்குவிதி இருபது பாகங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பத்துக்கு மேல் வெளிநாட்டில் செய்யப்பட்டிருந்தால்தான் குற்றம்.

இதன் பொருளை நிதானமாகப் படிக்க வேண்டும். துருக்கிப் பாகங்கள் பதினொன்றோடு எட்டுத் தோட்டா ஏந்தும் துப்பாக்கி சமூகத்துக்கு ஆபத்து. அவற்றில் ஒன்றைக் கழற்றி எறிந்து, தோட்டாவைத் தள்ளும் அந்தச் சிறு துண்டை ஒகையோவிலோ டெக்சாசிலோ செய்யப்பட்டதாக மாற்றிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும். தோட்டா எண்ணிக்கை குறையவில்லை, வேகம் குறையவில்லை, துளைக்கும் ஆற்றலும் குறையவில்லை. மாறியது பிறப்பிடம் மட்டுமே. பொதுப் பாதுகாப்புச் சட்டமாகப் பிறந்தது சுதேசிப் பாகங்களின் விற்பனை முகவராக வளர்ந்துவிட்டது. விற்பனையாளர்கள் அவ்விதியின் எண்ணையே விளம்பர வாசகமாகத் தங்கள் பொருளின் மேல் பொறித்துக்கொள்கிறார்கள். கட்டுப்பாடே சந்தையை உண்டாக்கும் இந்தக் காட்சியை ஆராயாமல், பண்பாடு என்று கூறிக் கடந்து செல்லும் சமூக அறிவியல் எதற்கு?

வரியும் இதே கண்கட்டு வித்தையைக் கற்றுவைத்திருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென நீள்துப்பாக்கிகளின் மேலும் தோட்டாக்களின் மேலும் இப்போது 11 விழுக்காடாக உள்ள உற்பத்தி வரியின் வருவாயை ஒதுக்கியது. வேட்டைக்காரரின் பெருமைகளில் ஒன்று அது, நியாயமான பெருமைதான். ஆனால் தனியாக விற்கப்படும் பாகங்களுக்கும் துணைப்பொருள்களுக்கும் அவ்வரி இல்லை. முழுத் துப்பாக்கியாக வாங்கினால் வரி உண்டு. துப்பாக்கியை வாங்கிப் பின்னர் பாகம் பாகமாக உயர்த்தினால், உயர்த்தப்பட்ட பகுதிக்கு வரி இல்லை. மலிவான துப்பாக்கியைத் துணைப்பொருள்களால் வளர்ப்பது தனிமனித விருப்பத்தின் விளைவு மட்டுமன்று. வரிச் சட்டமே காட்டிக்கொடுக்கும் பாதை.

இவை அனைத்தையும் விஞ்சும் ஒன்று உண்டு. 1930களின் வறட்சியில் அமெரிக்க வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தபோது, வலசைப் பறவைகளைக் காக்க 1935இல் ஒரு விதி வந்தது. அவற்றை வேட்டையாடும் ஷாட்கனில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது. கூடுதலாகக் கொள்ளும் துப்பாக்கியானால் குழாய்க்குள் அடைப்பு ஒன்றைச் செருக வேண்டும். துப்பாக்கியைப் பிரிக்காமல் அந்த அடைப்பை எடுக்க முடியாதிருக்க வேண்டும். சில வாத்து இனங்களுக்கான விலக்குகள் போக, அவ்விதி இன்றும் நடப்பில் உள்ளது. வேட்டைக்காரர்கள் அதை மதித்துக் கடைப்பிடிக்கிறார்கள். எவருடைய பண்பாடும் அதனால் அழிந்துவிடவில்லை.

வாத்துக்கு மூன்று. மனிதருக்கு எத்தனை என்று கூட்டரசுச் சட்டத்தில் தேடினால் எண் கிடைக்காது. பத்துக்கு மேற்பட்ட தோட்டாப் பெட்டிகளைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டின் சட்டம் பத்தாண்டுகளில் காலாவதியாகிவிட்டது. சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் வரம்பு வைத்துள்ளன. நாட்டளவில் எதுவும் இல்லை. ஒரு பாகத்தைச் செருகச் சொல்லி அரசு ஆணையிட முடியும், குடிமகன் அதற்குப் பணிவான், பறவைக்கூட்டம் பிழைக்கும் என்பதற்குத் தொண்ணூறு ஆண்டுச் சான்று அமெரிக்க நீர்நிலைகளின் மேல் பறந்துகொண்டிருக்கிறது.

பாகம் என்ற சொல்லின் விலை என்ன என்பதை 2017 அக்டோபர் 1 காட்டியது. விரலை ஒரே நிலையில் வைத்திருந்தபடியே தொடர்ந்து சுட உதவும் ஓர் அடிக்கட்டையைக் கூட்டரசு அமைப்பு 2010இல் பரிசோதித்து, அது துப்பாக்கியின் பாகம், ஆகவே துப்பாக்கியாகக் கட்டுப்படுத்தப்படாது என்று எழுதிக்கொடுத்திருந்தது. லாஸ் வேகாஸில் இசை நிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தின் மேல் அந்தப் பாகம் பூட்டிய துப்பாக்கிகள் சுட்டன. காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து உயிரிழந்தோர் 60 பேர். அதன்பின் அரசு அப்பாகத்தை இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தித் தடைசெய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அத்தடையை நீக்கியது. விசை ஒவ்வொரு குண்டுக்கும் தனியே இயங்குகிறது, ஆகவே சட்டத்தின் சொற்களுக்குள் அது அடங்காது என்பதே காரணம். அடுத்த ஆண்டு மார்ச்சில் இதே நீதிமன்றம், வீட்டிலேயே துப்பாக்கியாகச் சேர்க்கக்கூடிய பாகத் தொகுப்புகளை அரசு துப்பாக்கியாகக் கருதலாம் என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்றது. இரண்டு தீர்ப்புகளையும் எதிரெதிராக வைத்துச் சண்டையிட வேண்டாம். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. எது துப்பாக்கி, எது பாகம் என்பது இயற்கையில் இல்லை. சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது. வாசகத்தை எழுதுபவர் மனிதர்.

கல்விப்புலத்துக்கு இது தொலைவான செய்தியுமன்று. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் பிறந்து, கோவையிலும் கான்பூரிலும் பொறியியல் படித்து, அங்கே நீரியல் கற்பித்தவர். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். கொலையாளி கைத்துப்பாக்கிகளைப் பின்னணிச் சோதனைக்கு உட்பட்டே வாங்கினார்; அச்சோதனை அவரைத் தடுத்திருக்க வேண்டும், பதிவுக் குறைபாட்டால் தடுக்கவில்லை. கூடுதல் தோட்டாப் பெட்டிகளில் இரண்டை ஓர் இணைய ஏலத் தளத்தின் வழியாக வாங்கினார். அதற்குச் சோதனையே இல்லை. பெட்டியின் அளவுக்கு வரம்பு இருந்திருந்தாலும் அன்றைய விளைவு பெரிதும் மாறியிருக்காது என்று விசாரணைக் குழு கருதியது. அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே சுட்டப்படுவது வேறு. அதன்பின் வந்த கூட்டரசுச் சட்டம் பதிவுக் குறைபாட்டைச் சரிசெய்தது. பெட்டிகள் வந்த வழியை அது தொடவில்லை. அடைக்க வேண்டிய வழி என்று அது எவர் கண்ணுக்கும் படவில்லை, ஏனெனில் அங்கே வந்தவை பாகங்கள்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: ஷாட்கனால் நிகழும் கொலைகள் மிகச் சில, பெரும்பாலான கொலைகள் கைத்துப்பாக்கியால் நிகழ்பவை. உண்மை. ஷாட்கனை இங்கே எடுத்தாள்வது அது கொடிய குற்றவாளி என்பதாலன்று. பாகம் பாகமாக ஒரு வேட்டைக் கருவி வேறொன்றாக மாறும் வழி அதில் தெளிவாகத் தெரிகிறது என்பதால். கைத்துப்பாக்கியின் நீட்டித்த தோட்டாப் பெட்டியும் சட்டத்தின் அதே அலட்சியத்தில்தான் விற்கப்படுகிறது.

இரண்டாவது வாதம் வலுவானது. குள்ளமான பெண்ணுக்கு நீண்ட அடிக்கட்டை பொருந்தாது. தோள் வலி உள்ள முதியவருக்கு அதிர்வைத் தாங்கும் மெத்தை வேண்டும். கை வலுவிழந்தவருக்குப் பெரிய குமிழ் வேண்டும். இவற்றையெல்லாம் குற்றமாக்குவதா? இல்லை. அந்த வேறுபாட்டைத்தான் இன்றைய சட்டம் காண மறுக்கிறது. கருவியை உடலுக்குப் பொருத்தும் பாகம் ஒரு வகை. கருவியின் கொள்ளளவையும் வேகத்தையும் பெருக்கும் பாகம் மற்றொரு வகை. செருப்பின் அளவை மாற்றுவதும் செருப்பில் கத்தி பொருத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் துணைப்பொருள் என்ற ஒரே கூடையில் போட்டு, முதியவரின் தோள்வலியை முன்னே நிறுத்தி, அதன் பின்னால் தோட்டாக் குழாயைக் கடத்துவதுதான் நேர்மையற்றது.

மூன்றாவது வாதம் வணிகரிடமிருந்தன்று, பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. நுகர்வோர் தாமே பொருளை மாற்றியமைப்பது படைப்புச் செயல், பெருநிறுவனத்துக்கு எதிரான சிறு சுதந்திரம் என்று பேசும் கோட்பாடு மாணவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருக்கிறது. மிதிவண்டிக்கும் கணினிக்கும் அது பொருந்தலாம். துப்பாக்கிக்கு அதைப் பொருத்துவோர், குறிநோக்கியும் விளக்கும் எதன் மேல் பூட்டப்படுகின்றன என்று பார்த்ததில்லை போலும். துப்பாக்கியின் மேல் உள்ள அந்தப் பல்வரிசைத் தண்டவாளத்தின் பெயர் பிக்காட்டினி. நியூ ஜெர்சியில் உள்ள அமெரிக்கப் படைக்கலச் சாலையின் பெயர் அது. 1995இல் ராணுவத் தரமாக வரையறுக்கப்பட்டது. எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்துவது ராணுவம் அளவை ஒன்றாக்கியதால். தனித்தன்மை என்று விற்கப்படுவது தரப்படுத்தல். சுதந்திரம் என்று கொண்டாடப்படுவது விலைப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தல். ஆயிரக்கணக்கானோர் தத்தம் கொட்டகையில் தனித்துவமாக உருவாக்கும் துப்பாக்கிகள் கடைசியில் ஒன்றைப் போலவே ஒன்று, கலவர ஒடுக்குப் படையின் துப்பாக்கியைப் போல, காட்சி தருவது தற்செயலன்று.

இந்தியச் சட்டம் இதை வேறுவிதமாக எழுதியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் வரையறைக்குள்ளேயே அதன் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். உரிமமின்றிக் குழலைக் குறைப்பது ஆறாம் பிரிவின்படி குற்றம். ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் 2019ஆம் ஆண்டின் திருத்தம் அப்பிரிவில் சேர்த்தது. இதைக்கொண்டு இந்தியர் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இச்சட்டத்தின் முன்னோடி 1878இல் லிட்டன் கொண்டுவந்தது. இந்தியரை நிராயுதபாணியாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்த இனவெறிச் சட்டம் அது. இன்றும் இந்தியாவில் துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளால் நிகழ்கின்றன. முங்கேரின் மறைவிடங்களில் குழலும் உடலும் தனித்தனியே செய்யப்பட்டு வேறிடத்தில் ஒன்றாக்கப்படுகின்றன. சரியான வரையறை மட்டும் உயிரைக் காத்துவிடாது. ஆனால் அரைகுறையாகச் செதுக்கிய குழலோடு ஒருவர் பிடிபடும்போது, அது வெறும் இரும்புக் குழாய் என்று அவர் வாதிட முடியாது. வரையறை தரும் பிடி அவ்வளவே. அந்தப் பிடியும் இல்லாதபோது காவல் துறையின் கையில் எதுவும் இல்லை.

ஆகவே ஆய்வு மாணவருக்குப் பண்பாட்டை விடக் கடினமான, ஆனால் பயனுள்ள வேலை ஒன்று காத்திருக்கிறது. பண்பாடு என்று எழுதும் முன் 1938இன் வரையறையையும் 1968இன் வரையறையையும் அருகருகே படிக்கட்டும். வரிச் சட்டத்தின் விலக்குகளைப் படிக்கட்டும். இருபது பாகங்களின் பட்டியலைப் படிக்கட்டும். பண்பாடு மாறத் தலைமுறைகள் ஆகும் என்ற பெருமூச்சு, சட்டத்தின் வரி ஒன்றை மாற்ற ஒரு கூட்டத்தொடர் போதும் என்ற உண்மையை மறைக்கிறது. அந்தப் பெருமூச்சால் ஆதாயம் அடைபவர் பாகங்களை விற்பவர்.

துப்பாக்கி என்பது அதன் பாகங்களின் கூட்டன்றி வேறில்லை. பாகங்களைக் கணக்கில் எடுக்காத சட்டம் துப்பாக்கியையும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்றாவது தோட்டாவுக்குப் பின் ஒரு மரத்துண்டைச் செருகி வாத்தைக் காக்கத் தெரிந்த நாட்டுக்கு, மனிதரைக் காக்கும் வழி தெரியாது என்பது நம்பத்தக்கதன்று.